வீட்டோடு நடந்த காப்பகங்களையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனாவில் நொடித்துப்போன சிறுதொழில்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். லேத் பட்டறை, மெஸ், வேன் ஓட்டுநர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் பகலில் பிள்ளைகளை விட்டுச்செல்ல, வாடகை வீட்டில் குடும்பமாகச் சேர்ந்து நடத்திய குழந்தைகள் காப்பகங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோவையில் என் அக்காவும் அத்தானும் பிளே ஸ்கூலும் கிரெச்சுமாக அப்படி ஒன்றை நடத்தியவர்கள்.

2020 மார்ச்சில் மூடச் சொன்னார்கள், மூடினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பர் 1 அன்றே திறந்தாயிற்று. பிளே ஸ்கூல்களுக்கு 2022 பிப்ரவரி 16 வரை அனுமதியில்லை. பள்ளிகளாவது ஆன்லைன் வகுப்பு நடத்தி ஃபீஸ் கேட்டன. தனியார் பள்ளிகள் முதலில் 40 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2020 ஜூலையில் அனுமதித்தது. ஒன்றரை வயதுக் குழந்தையை ஆன்லைனில் தூங்கவைக்க முடியுமா? குழந்தை வராத மாதம் பணமும் வராது.

வாடகை மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர், அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். அது தீர்ந்ததும் அவருக்கும் வேறு வழியில்லை. ஆயாம்மா வீட்டுவேலைக்குப் போய்விட்டார். அக்கா முதலில் சறுக்குமரத்தை விற்றாள், அப்புறம் வாட்டர் ஃபில்டர், கடைசியில் இன்வெர்ட்டர். தொட்டில் கொக்கிகளைக் கழற்றி, ஓட்டைகளில் சிமெண்ட் பூசி, யானையும் கிளியும் வரைந்திருந்த சுவருக்கு வெள்ளையடித்துத்தான் சாவியைக் கொடுக்க முடிந்தது. அந்தப் பெயிண்டுக்கே கைமாற்று வாங்கினார்கள்.

அரசு கடன் கொடுத்ததே என்பார்கள். 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையிலிருந்த கடனில் 20 சதவீதம்வரை கூடுதலாகக் கிடைத்தது. வங்கிக் கடனே இல்லாமல், நகையை அடகு வைத்துக் காப்பகம் தொடங்கியவர்களுக்கு எதில் 20 சதவீதம் கணக்கிடுவது?

இது ஒரு குடும்பத்தின் பிழைப்பு மட்டுமில்லை. ஊரடங்கிலும் நர்ஸ்கள் டியூட்டிக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று யாருமே கேட்கவில்லை. அக்காவிடம் பிள்ளையை விட்டுவந்த ஒரு பெண் மில் வேலையையே விட்டுவிட்டார். பிரிட்டனில் 2020 மார்ச்சில் பள்ளிகளையும் காப்பகங்களையும் மூடியபோது, மருத்துவமனை ஊழியர்கள் போன்றோரின் குழந்தைகளுக்கும் தனிக் கவனிப்பு தேவைப்பட்ட குழந்தைகளுக்கும் மட்டும் திறந்து வைத்தார்கள். இங்கேயும் நாலைந்து குழந்தைகளோடு, கட்டுப்பாடுகளோடு நடத்த விட்டிருக்கலாம்.

வீட்டளவில் நடக்கும் காப்பகங்களை உள்ளாட்சி அமைப்புகள் வார்டு வாரியாக எளிய முறையில் பதிவுசெய்ய வேண்டும். இனி ஒரு தொற்றுக்காக மூடச் சொன்னால், அந்தப் பட்டியலை வைத்தே வாடகையில் ஒரு பங்கையும் ஆயாம்மாக்களின் பாதிச் சம்பளத்தையும் அரசு கொடுக்க வேண்டும். மூடிப்போன காப்பகங்களை மீண்டும் தொடங்க நினைப்பவர்களுக்கு அடமானம் கேட்காமல் சிறு கடன் கொடுப்பதை இப்போதே ஆரம்பிக்கலாம்.

– ஒரு வாசகி, கோவை