செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பழைய படங்களில் வரும் கார்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை பழைய சினிமாப் படங்களில் வரும் கார்களை அடையாளம் காணும் நம் சங்கம் செய்த வேலைகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். புரொஜெக்டர் பல்பு விலையைக் கேட்டு யாரும் மயங்கி விழ வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இந்த ஆண்டு நம் பொழுதை அதிகம் தின்றது ஒரே ஒரு கார். ஐம்பதுகளின் கடைசியில் வந்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்றில், பங்களா போர்ட்டிகோவில் வந்து நிற்குமே, அந்த வண்டி. லாண்ட்மாஸ்டர் என்று ஒரு கட்சி, அம்பாசடர் என்று ஒரு கட்சி. இரண்டும் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தவை, இரண்டுக்கும் மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் கார். லாண்ட்மாஸ்டர் வந்தது 1954இல். 1957 வாக்கில் அம்பாசடர் அதன் இடத்தைப் பிடித்தது. உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான். அம்பாசடரின் பானெட்டில் இரண்டு ஓரமும் வரிப்பள்ளம் ஓடும், ஆனால் நாம் பார்த்த பிரிண்டில் போர்ட்டிகோ நிழல் அதை மூடிவிட்டது. இரண்டு கூட்டம் இப்படியே போனது. அப்புறம் வண்டி கிளம்பிப் போகும் ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினோம். பின் மட்கார்டின் விளிம்பு வழுக்கிக்கொண்டு இறங்கவில்லை, டெயில் லைட்டுக்கு மேலே சின்னதாக வால் தூக்கி நின்றது. சரி, அம்பாசடர்தான். அன்றைய டீ, பஜ்ஜி செலவு லாண்ட்மாஸ்டர் கட்சியின் கணக்கில் எழுதப்பட்டது.

இதையொட்டி ஒரு விஷயத்தைப் புது உறுப்பினர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரின் மாடல் தெரிந்தால், அந்தக் காட்சியை எந்த ஆண்டுக்கு முன்னால் எடுத்திருக்க முடியாது என்பதுதான் தெரியும். எப்போது எடுத்தார்கள் என்பது தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் ஐம்பதுகளின் முற்பகுதியிலேயே இந்தியாவில் கடையைக் கட்டின. இறக்குமதிக்கும் கெடுபிடி. அதனால் கையில் இருந்த அமெரிக்க பிளஷர் கார்களை வைத்தே பல வருஷம் ஓட்டினார்கள். கதாநாயகன் சீமையிலிருந்து புதிதாக இறக்கிய கார் என்று பெருமை அடித்துக்கொள்ளும் வண்டிக்குப் படம் வரும்போது பத்து வயது ஆகியிருக்கும்.

அமெரிக்க வண்டிகளில் மாடல் வருஷத்தைப் பிடிப்பது எளிது. வருஷா வருஷம் முகத்தையும் வாலையும் மாற்றியவர்கள் அவர்கள். 1958 செவர்லே இம்பாலாவுக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்று விளக்கு. 1959க்கு வவ்வால் இறக்கைபோல விரிந்த வால், அதன் அடியில் கண்ணீர்த்துளி வடிவ விளக்கு. 1960இல் மறுபடி மூன்று வட்டங்கள். ஸ்டூடிபேக்கரின் துப்பாக்கிக் குண்டு மூக்கு 1950, 1951 இரண்டே வருஷம். முன்னால் ஜோடி ஜோடியாக நான்கு ஹெட்லைட் இருந்தால் 1957க்கு முந்தைய வண்டி என்று பெரும்பாலும் வாதாட முடியாது.

நம்மூர் வண்டிகளுக்கு வேறு கண் வேண்டும். ஐம்பதுகளின் ஃபியட் 1100இல் முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் கீல் நடுத்தூணில்தான். கதாநாயகி முன்சீட்டிலிருந்து இறங்கும் ஷாட்டில் கதவு பின்பக்கமாக விரிவதைப் பாருங்கள். பின்னால் வந்த பிரீமியர் பத்மினி காரில் அது கிடையாது. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961இல் வந்தபோது இரண்டு கதவு. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது, அதுவும் அறுபதுகளின் கடைசியில். ஆக, நான்கு கதவு ஹெரால்டைக் காட்டிவிட்டு 1963 படம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காருக்குள் எடுத்த காட்சிகளைச் சாட்சியாக ஏற்பதில்லை என்று ஆகஸ்ட் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் நின்ற வண்டி, பின்னால் திரையில் ஓடும் ரோடு. வெளியே பிளிமத் கார், உள்ளே வேறு எதன் டேஷ்போர்டோ.

இணையத்தில் ஏற்றப்படும் பாட்டுத் துண்டுகள் தனித் தலைவலி. காப்புரிமைப் பிடியிலிருந்து தப்பிக்கச் சிலர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். வலதுகை ஸ்டீயரிங் இடதுக்குப் போய்விடும், நாமும் நேராக அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி என்று குறிப்பு எழுதிவிடுவோம். நம்பர் பிளேட் தெரியாவிட்டால் நாயகியின் முந்தானை எந்தத் தோளில், நாயகனின் சட்டைப்பை எந்தப் பக்கம் என்று பாருங்கள். இந்த யோசனையைத் தந்தவர் ஓர் உறுப்பினரின் துணைவியார். அவரை உறுப்பினராகச் சேர்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டி ஒளிபரப்பும் ஒரு தொலைக்காட்சிக்குக் கடிதம் எழுதினோம். வீல் கப், பம்பர், நம்பர் பிளேட் எல்லாம் அந்த வெட்டில் போகின்றன. பதில் இல்லை.

நம் மூத்த உறுப்பினரான பட்டறைக்கார ஐயா ஜனவரியில் காலமானார். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இயங்கிய நாட்களில், மில் முதலாளி வீட்டுக் கார்கள் படப்பிடிப்புக்கு இரவல் போய்வந்த கதைகளை அவரிடம்தான் கேட்டோம். ஒலிப்பதிவு செய்யலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம், நடக்கவில்லை. அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் உறுப்பினர்கள் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களைக் கொண்டுவர வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலக் கார்களின் படங்களைப் பிரதி எடுத்து, சினிமாவில் வரும் வண்டிகளோடு ஒப்பிடும் திட்டம் இருக்கிறது. ஆல்பத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்தே கொண்டுவரலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்