தளம் போடுறதுக்கு முன்னாடி படிச்சுடு

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு

அன்புள்ள விஜி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு. ராணி அக்கா பொண்ணுக்கு ஆனியில கல்யாணம், பத்திரிகை தனியா வரும். இத்தனை மாசம் எழுதாததுக்கு நேர்ல வந்து திட்டு, வாங்கிக்கிறேன். இப்ப எழுதுறது வேற அவசரம்.

காட்பாடி வீட்டுக்கு அடுத்த வாரம் தளம் போடுறீங்களாம். மேஸ்திரி சொல்லி ராணி அக்காவுக்குத் தெரியுது, அக்கா சொல்லி எனக்குத் தெரியுது. ரெண்டு பெட்ரூமுக்கும் ஒன்றரை டன் ஏ.சி., ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், அதுக்காக ஏற்கெனவே வாங்கின 25 லட்சத்துக்கு மேல இன்னும் 4 லட்சம் கடன். இன்னாடி இது? அந்தப் பணத்துல பாதிக்கு மேல தேவையே இல்லாத இடத்துக்குப் போகுது. கம்பி கட்டி கான்கிரீட் ஊத்திட்டா ஒயர் போற பைப்பை எல்லாம் மாத்த முடியாது. அதனால தளத்துக்கு முன்னாடி இதை நீயும் உங்க வீட்டுக்காரரும் உட்கார்ந்து படிங்க. கொஞ்சம் கணக்கு வரும். மங்களம் டீச்சர் பீரியட்ல ஜன்னல் பக்கம் பார்த்தியே, அப்படிப் பார்த்துடாதே.

முதல்ல அந்த 4 லட்சம். எட்டரை வட்டி, இருபது வருஷம்னா லட்சத்துக்கு மாசம் 868 ரூபாய். 4 லட்சத்துக்கு 3,472. இருபது வருஷத்துல கட்டி முடிக்கிறப்போ 8 லட்சத்து 33 ஆயிரம். ஃபால்ஸ் சீலிங் போட்டவர் தொகையை வாங்கிட்டுப் போயிடுவார், நீங்க 240 மாசம் கட்டிக்கிட்டே இருக்கணும். அதுக்கு மேல கரண்ட் பில். அதைத்தான் விலாவாரியா சொல்லணும், ஏன்னா வீடு கட்டுறவங்க யாரும் அதைக் கணக்குல சேர்க்கிறதே இல்லை.

இ.பி.யில ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறாங்க. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில ஏத்தினதுக்கு அப்புறம், 500-க்குள்ள நின்னா 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. சரியா 500-ல நின்னா 1,805 ரூபாய். 501 ஆச்சுன்னா அந்த 2.35 சலுகை போயிடும், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 விழும், 501-வது யூனிட்டுக்கு 8.40. பில் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் அதிகம், விஜி! 600 தாண்டினா 9.45, 800 தாண்டினா 10.50, ஆயிரம் தாண்டினா 11.55. கடைசியா எரியுற யூனிட்டுதான் விலை அதிகமான யூனிட்டு. அந்தக் கடைசி யூனிட்டுகளை எது இழுக்குதுன்னு பார்த்தா போதும்.

இப்ப உன் லிஸ்ட்படியே சித்திரை, வைகாசிக்குக் கணக்குப் போடுறேன். ஏ.சி. மேல ஒட்டியிருக்கிற ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு இருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு, 1,600-ஆல வகுத்தா மணிக்கு எவ்வளவுன்னு தெரியும். ஆனா நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல, வெயில் வாங்கின அறையில, 22-ல வெச்சா லேபிளைவிட ரொம்பக் கூடும். ஒன்றரை டன்னுக்கு மணிக்கு 0.9 வெச்சா, எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 7 யூனிட். ரெண்டு ஏ.சி., 60 நாள்: 840. பழைய மாடல் ஃபேன் ஒண்ணு 75 வாட். அஞ்சு ஃபேனும் சேர்ந்து ஒரு நாளைக்கு 56 மணி நேரம் ஓடும்னு வெச்சா 252. ஃபிரிட்ஜ் 60, போர் மோட்டார் 60, டிவி, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், லைட் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 1,272 யூனிட். பில் 10,012 ரூபாய். கடன் தவணை தனி, இது தனி.

இதையே மாத்திப் போடுறேன் பார். ஏ.சி. ஒண்ணு போதும், ஒரு டன். அறை 110 சதுர அடிதானே. 26-ல வெச்சு மேல ஃபேன் ஓடட்டும். ஒரு டிகிரி ஏத்தி வெச்சா சுமார் ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம்னு எரிசக்தித் திறன் அமைப்பே சொல்லுது. மணிக்கு 0.6 யூனிட் வெச்சுக்கோ. ராத்திரி பத்து மணிக்குப் போட்டு நாலு மணிக்குத் தானா நிக்கிற மாதிரி டைமர் வை: 216 யூனிட். அஞ்சு ஃபேனும் பி.எல்.டி.சி. வாங்கு (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வெச்ச ஃபேன்), முழு வேகத்துலயும் 30 வாட் சுமார்தான், அதே 56 மணி நேரத்துக்கு 101 யூனிட். மத்தது அதே 180. மொத்தம் 497. பில் 1,786 ரூபாய். 10,012 எங்கே, 1,786 எங்கே! தூக்கத்துக்கு எந்தக் குறையும் இல்லை. பி.எல்.டி.சி. ஃபேன் ஒண்ணு மூவாயிரத்துக்குள்ள கிடைக்குது, மிஞ்சிப் போனா மூணு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். கரண்ட் போனா இன்வெர்ட்டர்லயும் ரொம்ப நேரம் நிக்கும்.

ஒரு டன் போதுமான்னு உங்க வீட்டுக்காரர் கேட்பார். அறையில சூடு இறங்காம இருந்தா போதும். உங்களுக்கு ஒரே மாடிதான், அதனால தளம் நேரா வெயில் வாங்கும். மேற்குச் சுவரும் சாயங்காலம் வரைக்கும் சூட்டைக் குடிச்சு, நடுராத்திரி வரைக்கும் உள்ளே கக்கும். சுவர் எழும்பிடுச்சு, அதை இடிக்கச் சொல்லலை. கிழக்கு அறையைப் படுக்கைக்கு வெச்சுக்கோ, மேற்கு அறையில பீரோவும் பசங்க படிக்கிற மேசையும் இருக்கட்டும். ஃபால்ஸ் சீலிங்கும் சூட்டைக் கொஞ்சம் தடுக்கும், இல்லைங்கலை. ஆனா தளத்துக்கு மேலயே தடுத்துட்டா சூடு கீழே வராது. தட்டோட்டுக்குப் பதிலா, வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளை கூல் டைல்ஸ் பதிக்கச் சொல்லு, தண்ணி ஓட வாட்டம் சரியா இருக்கணும், டைல்ஸ் இடுக்கை நல்லா அடைக்கணும். அடைப்பு விட்டுப்போச்சுன்னா மழைக்காலத்துல தளம் ஒழுகும்.

எலக்ட்ரீஷியன்கிட்ட இதை எழுதிக் கொடு. ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் மெயின் போர்டிலிருந்து தனித்தனியா 4 ஸ்கொயர் எம்.எம். தடிமன் ஒயர், தனித்தனி பிரேக்கர். கிச்சன் பிளக் பாயின்ட்டுக்கு 2.5. லைட்டுக்கு ஓடுற மெல்லிசு ஒயர்லயே ஏ.சி.யைக் கொடுத்தா ஒயர் சூடாகி உறை இளகிடும். மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேணும், பசங்க இருக்கிற வீடு. இதுல மட்டும் பேரம் பேசாதே, விஜி. ஷாக் அடிச்சா ஒரு நொடிக்குள்ள கரண்ட்டை வெட்டுறது அதுதான். எர்த் சரியா இருக்கான்னு சோதிச்சுக் காட்டச் சொல்லு. மொட்டை மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரைக்கும் ஒரு காலி பைப் விடச் சொல்லு. அது சோலாருக்கு.

சோலார் இப்ப வேண்டாம், கடன் கொஞ்சம் இறங்கட்டும். 2024-ல வந்த மத்திய அரசோட சூர்ய கர் சோலார் திட்டத்துல 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000. ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும், நிழல் விழாத நூறு சதுர அடி வேணும். அதனால தண்ணித் தொட்டியைத் தெற்குப் பக்கம் வைக்காதே, அதோட நிழல் பேனல் மேல விழும். இன்னொண்ணு, பேட்டரி இல்லாத சோலார்னா, இ.பி. லைன்ல கரண்ட் போனா அதுவும் நின்னுடும். லைன்ல வேலை பார்க்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. அதை நம்பி இன்வெர்ட்டரை விட்டுடாதே.

போர் மோட்டார்தான் சத்தமில்லாம பில்லை ஏத்துற சாமான். பாலாறு வறண்டா போர்ல தண்ணி கீழே போயிடும், மோட்டார் காத்தை இழுத்துக்கிட்டு ஓடும், காயில் எரியும். பேனல் பெட்டியில, தண்ணி இல்லைன்னா மோட்டாரைத் தானா நிறுத்துற டிரை ரன் கட் இருக்கிறதா வாங்கு. மாட்டின அன்னைக்கே ஆயிரம் லிட்டர் தொட்டி எத்தனை நிமிஷத்துல நிரம்புதுன்னு பார்த்து, பெட்டி மூடிக்குள்ள மார்க்கரால எழுதி வை. முக்கால் மணி நேரம் எடுத்தது ஒன்றேகால் மணி ஆச்சுன்னா தண்ணி மட்டம் இறங்கியிருக்கும், இல்லைன்னா பைப் ஜாயின்ட் ஒழுகும், இல்லைன்னா உள்ளே தண்ணியைத் தள்ளுற சக்கரம் (இம்பெல்லர்) தேஞ்சிருக்கும். 'ம்ம்'னு சத்தம் மட்டும் வந்து சுத்தலைன்னா முதல்ல கெபாசிட்டரைப் பார்க்கச் சொல்லு. மோட்டாரை மேலே தூக்குறதுக்கு முன்னாடி அது.

ஹீட்டர் 15 லிட்டர் போதும், ஒரு தொட்டி சுட அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. போர்த் தண்ணி உப்பா இருந்தா ராடுல சுண்ணாம்பு படியும், படிஞ்சா சூடேற நேரமாகும். வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணி தொட்டி துரு பிடிக்காம காக்கிற ஆனோடு ராடையும் பார்க்கணும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்து. ஆர்.ஓ. தண்ணியை ஊத்துறவங்க இருக்காங்க, அதுல உப்பு முழுசாப் போயிருக்காது, தட்டு கெட்டுடும்.

குடி வந்ததும் ஒரு வேலை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து முப்பதாவது நாள் நீயே மீட்டரைப் பார். 250-க்குள்ள இருந்தா நிம்மதியா இரு. 260 ஆயிருந்தா அடுத்த முப்பது நாள் ஏ.சி.யை ஒரு மணி நேரம் குறை, அயர்ன் பண்றதை வெளியே கொடு. பில் வந்ததுக்கு அப்புறம் தலையில கை வெச்சுப் பிரயோஜனம் இல்லை.

அந்த 4 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டியா, இல்லையா? அதை மட்டும் உடனே சொல்லு. போடலைன்னா ஒன்றரை லட்சமாக் குறைச்சுக் கேளு. கூல் டைல்ஸ், அஞ்சு ஃபேன், ஒரு ஏ.சி., நல்ல ஒயர், எல்லாம் அதுக்குள்ள அடக்கிடலாம். எலக்ட்ரீஷியன் நம்பரையும் அனுப்பு. பைப் போடுற அன்னைக்கு நான் காட்பாடிக்கு வந்து நிக்கிறேன், நீ அம்பத்தூர்லேருந்து லீவு போட்டு ஓடி வர வேண்டாம்.

அன்புடன்,
கலா