மாசித் தேருக்கு வா, கண்ணு

வேலூர்,
பிப்ரவரி 16

அன்புள்ள கண்ணு,

காதலர் தினத்தில் ஜோடிகளை மடக்கித் தாலி கட்டச் சொல்லி மிரட்டுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது, "நீங்களும் அவங்க பக்கம்தானாப்பா?" என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். அம்மா பக்கத்தில் இருந்தாள், எனக்கும் உடனே வார்த்தை வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காதலர் தினம் எனக்குப் பிடிக்காதுதான். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பிப்ரவரி பிறந்தால் ஓசூர் ரோஜா விலை ஏறிவிடும். பத்து ரூபாய் பூவை முப்பதுக்குக் கொடுக்கும்போது கல்லா நிறையும், மனசு ஒட்டாது. அந்த வாலண்டைன் புனிதரின் விழாவைக் கத்தோலிக்க சபையே 1969ல் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது என்று கடைக்கு வரும் சர்ச் பெரியவர் ஒருவர் சொன்னார். அப்புறம் அது யாருக்கான நாள்? வியாபாரிகளுக்குத்தான், என்னையும் சேர்த்து.

ஆனால் அன்று காலை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு மாலை கொடுக்கப் போனபோது கோட்டைப் பூங்காவில் ஒன்றைப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் ஒரு பையனையும் பெண்ணையும் சூழ்ந்து நின்றார்கள். ஒருத்தன் கையில் தாம்பாளம், அதில் மஞ்சள் கயிறு. "இப்பவே கட்டு, இல்லன்னா அண்ணன்னு கூப்பிடச் சொல்லு" என்று சத்தம். இன்னொருத்தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அழவில்லை. கழுத்தில் தொங்கிய காலேஜ் அடையாள அட்டையை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிப் பிடித்திருந்தாள், பேர் தெரிந்துவிடக் கூடாதென்று. போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைக்கும்வரை நான் மாலைக் கூடையோடு பேசாமல் நின்றிருந்தேன். அது இன்னும் என்னை அறுக்கிறது.

உன் அம்மா கழுத்தில் தாலி கட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. இரண்டு முடிச்சு நான் போட்டேன், மூன்றாவது உன் அத்தை போட்டாள். சுற்றி நின்றவர்கள் அட்சதை போட்டு வாழ்த்தினார்கள். அவளிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் தட்டு மாற்றினோம். அந்தக் கயிற்றைத் தெருவில் நீட்டி ஒரு பெண்ணைப் பயமுறுத்துவதும், நாய்க்கும் கழுதைக்கும் கட்டிப் படம் பிடிப்பதும் தாலிக்குச் செய்கிற மரியாதையா? பண்பாட்டைக் காக்கிறோம் என்கிறார்கள். தினம் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன் சொல்கிறேன், தாலியை இதைவிட யாரும் கேவலப்படுத்த முடியாது.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே வள்ளிமலை இருக்கிறது. சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறியிருக்கிறேன். தினைப்புனத்தில் காவல் இருந்த வள்ளியைத் தேடி முருகன் வேடனாக வந்தார், வேங்கை மரமாக நின்றார், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டார். களவில் தொடங்கியதுதான். கடைசியில் நம்பிராஜன் கையைப் பிடித்துக் கொடுக்க, ஊர் கூடிக் கல்யாணம் நடந்தது. இதைக் கும்பிடுகிற நாம் காதல் நம் வழக்கம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

எனக்கு வருத்தம் வேறு. பிள்ளைகள் பூங்காவில் ஒளிந்து உட்காரும்படி வீடுகளை நாம் வைத்திருக்கிறோம். வீட்டில் சொல்ல முடிந்தால் அந்தப் பெண் அட்டையை மூடியிருக்க மாட்டாள்.

நீ யார் பேரையும் சொல்லவில்லை. ஆனால் நீ கேட்ட விதத்திலேயே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. என்ன சாதி, என்ன சம்பளம் என்றெல்லாம் அம்மா கேட்பாள், கொஞ்சம் அழுவாள். நான் பக்கத்தில் இருப்பேன். எனக்கும் அவரிடம் கேட்க நாலு கேள்வி உண்டு, முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வள்ளிமலை மாசித் தேருக்கு லீவு போட்டுவிட்டு வா. அவரையும் கூட்டி வா. எந்த ரயில் என்று மட்டும் சொல், காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா