குப்பைக்குப் போன புளியோதரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். "கப்பல் எப்படிம்மா இருந்தது?" என்று நேற்று போனில் கேட்டாய். அண்ணன் பக்கத்தில் நின்றதால் "சூப்பர்" என்று சொல்லி முடித்துவிட்டேன். குடும்ப வாட்ஸாப்பில் எல்லாரும் போட்ட படங்களும் சூப்பர்தான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்வரும் கப்பலில் ஏழு பேருக்கு மூன்று ராத்திரிக் காசு நீ கட்டியிருக்கிறாய். உன்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

முதல் அடி கப்பல் ஏறுவதற்கு முன்பே விழுந்தது. அப்பத்தாவுக்குக் கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து புளியோதரை கிளறி, வாழையிலையில் ஏழு பொட்டலம் கட்டினேன். ஈசூன் வீட்டிலிருந்து மேக்சி கேப் பிடித்து மரினா பே கப்பல் முனையத்துக்குப் போகும் வழியெல்லாம் வண்டி மணத்தது. ஸ்கேனரில் பை போனதும் அங்கே நின்ற பெண் நிறுத்திவிட்டாள். வீட்டில் சமைத்ததை ஏற்ற முடியாதாம், கடையில் வாங்கி சீல் உடைக்காத பாக்கெட் என்றால் பரவாயில்லையாம். ஆக, அண்ணி தேக்கா கடைத்தெருவில் வாங்கிய பாக்கெட் முறுக்கு ராஜாவாட்டம் உள்ளே போனது, என் புளியோதரை குப்பைத்தொட்டிக்குப் போனது. நியாயம் புரியாமல் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் இடத்தில் ஒருவருக்கு வயிறு கெட்டால் ஊரே படுத்துவிடும். ஆனாலும் ஏழு பொட்டலமும் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் டொராண்டோவில் பனி கொட்டும் மாதம் இங்கே மழை கொட்டும் மாதம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கடல் ஆடாது என்று நீ சொன்னது சரிதான். ஒரு பக்கம் சுமத்ரா, இந்தப் பக்கம் மலேசியா, இரண்டுக்கும் நடுவில் மலாக்கா நீரிணை குளம் மாதிரி கிடந்தது. நான் கொண்டுபோன இஞ்சி மிட்டாய் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் மேலே வானம் ஒன்று இருக்கிறதே! தண்ணீர்ச் சறுக்கு வேண்டும் என்று ஒரு மாதமாகக் குதித்த வாண்டுகள் இரண்டும் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று மழையைப் பார்த்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணி நேரம் திறந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே மறுபடியும் போகலாம் என்கிறது பெரியது.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கண் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இருட்டு. முதல் ராத்திரி மூன்று மணிக்கு அப்பா எழுந்து, விடிந்துவிட்டது என்று நினைத்துக் குளித்து, சட்டை மாட்டி, என்னையும் எழுப்பிவிட்டார். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமராவைக் காட்டும் ஒரு சேனல் இருந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க அதையே ஓடவிட்டார். திரையில் கறுப்பு சாம்பலாகி, சாம்பல் நீலமானால் விடிகிறது என்று அர்த்தம். "பாரு, நமக்கும் ஜன்னல் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பத்தாவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கப்பல் கிளம்பியதும் எல்லாரும் மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமுமாக இருந்தார்கள். இவர் மட்டும் கம்பியைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார். பச்சையாக ஒரு தீவு வந்ததும், அது செயின்ட் ஜான்ஸ் தீவு என்று அப்பா காட்டினார். "இங்கதானே உங்க அப்பாவக் கொரண்டீன்ல போட்டு வச்சிருந்தாங்க?" என்று கேட்டார் அப்பத்தா. 1950இல் தாத்தா வந்து இறங்கியபோது நடந்தது அது. இப்போது அந்தத் தீவுக்கு ஆட்கள் படகில் பிக்னிக் போகிறார்கள்.

அதற்கப்புறம் தானாகப் பேச ஆரம்பித்தார். 1957இல் பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா என்ற கப்பலில் ஏறினாராம். கப்பல் கரைக்கு வராதாம். தோணியில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டுமாம். தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பினாங்கு வழியாக ஏழெட்டு நாள். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970கள் வரை ஓடியது என்று அப்பா நடுவில் புள்ளிவிவரம் சொல்லப் போய் நல்ல திட்டு வாங்கினார். "ஓடுனது உனக்குத் தெரியும். நாறுனது எனக்குத்தான் தெரியும்." நாற்பது வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்தத் தோணிக் கதையை நான் கேட்டதே இல்லை.

சாப்பாட்டு விஷயம் சுருக்கமாக. சைவம் என்று நீ முன்கூட்டியே குறித்திருந்தும் முதல் ராத்திரி அவர்கள் பட்டியலில் அப்பத்தா பெயர் இல்லை. வந்த சாம்பாரில் சர்க்கரை. மறுநாள் சமையற்காரர் ஒருவர் தானே மேசைக்கு வந்து விசாரித்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். அது உண்மையிலேயே நன்றாக இருந்தது, என் ரசத்தைவிட என்று அப்பத்தா சொன்னதை மட்டும் நான் மறக்கப்போவதில்லை. பஃபேயில் ஏழு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடமே கிடைக்கவில்லை. அண்ணனோ வைஃபைக்குத் தனியாகக் காசு கட்டி ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே கப்பலில் இருந்துகொண்டு லிஃப்ட் வாசலில் சந்தித்துக்கொள்ளும் குடும்பம் நாங்கள்.

பினாங்கில் இறங்கும் வரிசையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. வாண்டுகள் அழ, அண்ணிக்கும் அண்ணனுக்கும் லேசாக முட்டிக்கொண்டது, அது உனக்கு வேண்டாம். துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம்தான், குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது. கும்பிட்டு வெளியே வந்தால் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி, பக்கத்துக் கடையில் டீயும் சுடச்சுடப் பருப்பு வடையும் வாங்கினோம். ஸ்டூல் மூன்றுதான். அப்பத்தாவை உட்காரவைத்து மற்றவர்கள் சுற்றி நின்றோம். அண்ணன் போனைப் பையில் போட்டான். சின்னது அப்பத்தாவிடம் "அந்தத் தோணி கவிழ்ந்திருந்தா?" என்று கேட்க, "நீ இந்த வடையத் தின்ன முடியாது" என்றார். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். மழை விட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இன்னொன்று. அறை சுத்தம் செய்யும் பையன் துண்டை மடித்துக் கட்டிலில் யானை செய்து வைத்திருந்தான். அப்பத்தா அதன் நெற்றியில் விபூதி பூசிப் பிள்ளையார் ஆக்கிவிட்டார். அப்புறம் அதை யாரும் பிரிக்கக் கூடாது. அவன் மறுநாள் வந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் வேறு துண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். இறங்கும்போது பிள்ளையாரை அங்கேயே விட்டுவரச் செய்ய நான் பட்ட பாடு!

கடைசி நாள் காலையில் கதவடியில் பில் கிடந்தது. தலைக்கு, ராத்திரிக்கு என்று சேவைக் கட்டணம், குழந்தைகளுக்கும் சேர்த்து. நீ கட்டியதில் அது அடங்கும் என்று நினைத்திருந்தோம். அப்பா கட்டிவிட்டார், நீ அனுப்பாதே, அனுப்பினால் சண்டைதான் வரும். இன்னொரு முறை டிக்கெட் போடுவதாக இருந்தால் ஜன்னல் உள்ள அறையாகப் போடு, நீயும் வருகிற மாதிரிப் போடு.

அன்றைக்குக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் பாதி இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் பிப்ரவரியில் உங்கள் ஊருக்கு வருகிறானாம். தேக்காவில் பாட்டிலுக்கு சீல் வைத்துத் தரும் கடை ஏதாவது இருக்கிறதா என்று அண்ணியிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா