ஆடியிலேயே வந்துவிட்டதா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் காலையில்தான் கேட்டேன். "கார்த்திகையில வர வேண்டியதுண்ணே, ஆடியிலேயே வந்துருச்சு" என்று சொல்லிவிட்டாய். அப்புறம் நாற்பது நொடிக்கு மூச்சு மட்டும்தான். நம் இரண்டு பேருக்கும் உள்ள கொத்துத் தலைவலியைத்தானே (கிளஸ்டர் ஹெட்ஏக்) சொல்கிறாய். அந்த மூச்சு எனக்குத் தெரியும். கண்ணுக்குப் பின்னால் காய்ச்சிய கம்பியைச் செருகித் திருகும்போது, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே விடுகிற மூச்சு. மைக்ரேன்காரர்கள் இருட்டறையில் அசையாமல் படுப்பார்கள். நமக்கு உட்காரக்கூட முடியாது.

நம் வலிக்கு ஊரில் பேரே இல்லை என்பதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. பாதித் தலையில் வருவது நமக்கு. ஆனால் 'ஒற்றைத் தலைவலி' என்ற பேரை மைக்ரேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். 'கொத்துத் தலைவலி' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் விழிக்கிறார். சைனஸ் என்று சொல்லி எனக்கு ஒரு வருஷம் நொச்சி இலை ஆவி பிடிக்க வைத்தார்கள். ஒரு கடைவாய்ப் பல்லும் போனது. வலி போகவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒன்பது வருஷம் ஐப்பசியில்தான் சீசன். ஆறு வாரம், ராத்திரி ஒன்றரை மணிக்கு, வலது கண்ணில். ஐப்பசிக் கல்யாணங்களுக்கு நான் வரமாட்டேன் என்பது சொந்தக்காரர்களுக்கே பழகிவிட்டது. பத்தாவது வருஷம் ஐப்பசி சும்மா போனது. விட்டுத் தொலைந்தது என்று பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தேன். பங்குனியில், மத்தியானம் மூன்று மணிக்கு, ஆபீஸில் வந்தது. அதுவும் இடது கண்ணில்! மூளையில் கட்டி என்றே முடிவு கட்டிவிட்டேன். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை. சிலருக்குப் பக்கம் மாறும், மாதமும் மாறும் என்றார் டாக்டர். ஆனாலும், மாறினால் வந்து காட்டாமல் இருக்காதே என்றார். உனக்கும் அதையேதான் சொல்கிறேன்.

மூளைக்குள் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. நம் தூக்கம், விழிப்பு எல்லாவற்றுக்கும் கடிகாரம் அங்கேதான். வலி நடக்கும்போதே எடுத்த ஸ்கேனில் அந்த இடம் வேலை செய்வதை 1998-இல் பார்த்தார்கள். சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்துக்கு வருவது அதனால்தான் என்கிறார்கள். கடிகாரம் என்பதால் எப்போதும் ஒரே மாதிரி ஓடும் என்றில்லை. ஏன் திடீரென்று முள்ளை மாற்றிக்கொள்கிறது என்று என்னிடம் கேட்காதே. நீ எதையோ தின்றதால், எங்கேயோ அலைந்ததால் என்று உன்னையே குடைந்துகொள்ளவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது, பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கு எழுதுவது. நான் மளிகை நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்: எப்போது ஆரம்பித்தது, எப்போது விட்டது, எந்தக் கண். ஏன் என்றால் டாக்டர் கேட்கிற முக்கியமான கேள்வி, வலியே இல்லாமல் தொடர்ந்து எத்தனை மாதம் இருந்தாய் என்பது. ஒரு வருஷத்துக்கு மேலாக, மூன்று மாத இடைவெளிகூட இல்லாமல் வந்துகொண்டிருந்தால் அதை நாள்பட்ட வகை என்பார்கள், வைத்தியமும் வேறாகும். ஞாபகத்தை நம்பிச் சொன்னால் தப்பாகத்தான் சொல்வோம்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் கேட்டுக்கொள். சீசன் மாதம் மாறி வந்ததும், போன வருஷம் மிஞ்சிய, வலி வராமல் தடுக்கிற வெராபமில் மாத்திரையை நானாகவே பழைய அளவில் ஆரம்பித்தேன். டாக்டர் கிழித்துவிட்டார். அது இதயத் துடிப்பைத் தொடுகிற மருந்து, ஈ.சி.ஜி. பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

வலி வந்ததும் அதை அடக்க இழுக்கிற ஆக்ஸிஜன் விஷயத்தில் நீ இன்னும் கஞ்சத்தனம் பண்ணுகிறாய். கொரோனா சமயத்தில் மாமா வாங்கிய, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற கான்சென்ட்ரேட்டர் இருக்கிறதே என்கிறாய். அது நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர்தான் தரும். நமக்கு வேண்டியது பன்னிரண்டு முதல் பதினைந்து, அதுவும் பை வைத்த மாஸ்க்கில், பதினைந்து இருபது நிமிஷம். 1,500 லிட்டர் பி டைப் சிலிண்டர் ஒன்று ஐந்தாறு தடவைக்கு வரும். டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி, ஒன்று ஓட ஒன்று நிரம்பி நிற்கிற மாதிரி இரண்டாக வாடகைக்கு எடு. வால்வு திறக்கிற சாவியை நூலில் கட்டி சிலிண்டரிலேயே தொங்கவிடு. வலியில் தேட முடியாது. பூஜை விளக்கு பக்கத்தில் வைக்காதே. சிகரெட்டை உனக்குச் சொல்லவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பீரும் இந்த மாதம் கிடையாது. சீசன் இல்லாதபோது ஒன்றும் செய்யாத அதே பீர், சீசனில் ஒரு மணி நேரத்துக்குள் ஆளைச் சுருட்டிவிடும்.

ராத்திரி வந்தால் மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். நான் திரும்பக் கூப்பிடவில்லை என்றால், நானும் அந்த நேரத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று எடுத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்