பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களை நிறைக்கு விற்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வன்னியில் மாட்டுக்கொட்டில் ஓரங்களிலும் பற்றைகளிலும் கிடக்கும் பிஎஸ்ஏ, ட்ரயம்ப், நோர்ட்டன் மோட்டார் சைக்கிள்கள் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இவற்றிற் பலவற்றை வீட்டு முற்றத்திலேயே திருத்தி ஓட்டலாம். முதன்முறை கைவைக்கும் இளையவர்கள் அவசரத்தில் வண்டியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பற்றைக்குள்ளோ மண்ணுக்குள்ளோ கிடந்த வண்டியென்றால் சுற்றுப்புறம் துப்புரவாக்கப்பட்ட நிலம்தானா என்று முதலில் விசாரியுங்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல் பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள்.

அடுத்தது எண்கள். சட்டத்தின் (பிரேமின்) கழுத்துப் பகுதியையும் எஞ்சினில் சிலிண்டருக்குக் கீழேயும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படம் எடுங்கள். கிரைண்டர் அந்தப் பக்கம் போகவே கூடாது. பிஎஸ்ஏ எஞ்சின் எண் டபிள்யூஎம்20 என்று தொடங்கினால் அது இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ வண்டியின் எஞ்சின். 1950களின் பிஎஸ்ஏயில் எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் ஒன்றாக இருக்காது. தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வந்தது. பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்த குடும்பங்களுக்கு அந்த எண்தான் கையில் மிஞ்சும் ஆதாரம்.

அதிக சேதம் ஸ்பனரால் வருகிறது. இவ்வண்டிகளின் நட்டுகள் மில்லிமீற்றர் அளவில் இல்லை, விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அங்குல அளவில் இருக்கின்றன. ஸ்பனரில் உள்ள எண் போல்ற்றின் தடிப்பைக் குறிப்பது, வாயின் அகலத்தை அல்ல. கால் அங்குல விட்வேர்த் ஸ்பனரின் வாய் 13.3 மி.மீ. 13ஆம் நம்பர் ஏறாது, 14 போட்டால் மூலை உருண்டுவிடும். 5/16 ஸ்பனர் 15.2 மி.மீ.; அதற்கும் இதே கதைதான். 3/16, 1/4, 5/16, 3/8 ஆகிய நான்கையும் வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். புரிகளிலும் கவனம் தேவை. சட்டத்திலும் அச்சுகளிலும் பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 புரி கொண்ட சைக்கிள் புரி, அலுமினிய உடலுக்குள் இறங்கும் போல்ற்றுகளில் பெரும்பாலும் விட்வேர்த். லேத் பட்டறைக்காரர்கள் தயவுசெய்து மெற்றிக் ராப் (மி.மீ. அளவில் புரி வெட்டும் கருவி) இறக்கி 'சரிப்படுத்த' வேண்டாம். ஒருமுறை வெட்டிவிட்டால் பழைய போல்ற் ஒருபோதும் பிடிக்காது.

இறுகிய எஞ்சினைக் கிக்கரில் ஏறி மிதித்தால் உள்ளே பல்லுடையும். பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் ஒயிலும் சரிபாதி கலந்து 50 மி.லீ. ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். பிறகு உச்சக் கியரில் போட்டு, பின்சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகும். அசையாவிட்டால் மறுபடி ஊற்றிப் பொறுத்திருங்கள்.

போரின்போது பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி ஒயிலையும் நீர்க்கச் செய்திருக்கும். பிஸ்ரன் றிங்குகள் கரியில் ஒட்டியிருக்கும், பிக் எண்ட் (கனெக்ரிங் ரொட்டின் கீழ்முனைப் பெயாரிங்) தேய்ந்திருக்கும். சிலிண்டரைத் தூக்கி, பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் அந்தக் கனெக்ரிங் ரொட்டைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆடலாம். மேல்கீழ் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலே அந்த பிக் எண்ட் முடிந்தது. மேற்பகுதியை மட்டும் புதிதாக்கிப் பூட்டுவது வீண் செலவு.

பிஎஸ்ஏயின் பி31, எம்20 போன்ற மாடல்களில் ஒயில் தனித் தாங்கியில் இருக்கும். நெடுநாள் நின்றால் அது பம்ப் வழியாக எஞ்சினுக்குள் வடிந்துவிடும். அதை வடிக்காமல் ஸ்ராட் செய்தால் புகை மண்டும், இடுக்கெல்லாம் ஒயில் கக்கும். புது ஒயிலில் எஸ்ஏஈ 50 (ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் எண்) ஒற்றைத்தரம் நம் வெயிலுக்குப் பொருந்தும். உள்ளே திறந்து கழுவாத எஞ்சினுக்கு கழுவும் தன்மையுள்ள இன்றைய ஒயில்கள் ஆபத்து. பழைய கசடைக் கிளப்பி ஒயில் வழியை அடைத்துவிடும். பிஎஸ்ஏயின் சிறிய மாடலான பான்ரம் இரண்டு ஸ்ரோக் வண்டி. அதில் பார்க்க வேண்டியது கிராங்கின் ஒயில் சீல்கள். இடப்பக்கச் சீல் கெட்டால் கியர் ஒயிலை உறிஞ்சி வெண்புகை விடும்.

குளிரில் ஸ்ராட் ஆகி, சூடானதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் பலரும் கார்பரேற்றரைக் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மக்னீற்றோவினுள் (பற்றறி இல்லாமலே பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) இருக்கும் கொண்டென்சரில். பொயின்ற் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளி லூக்காஸ் மக்னீற்றோவுக்கு 0.30 மி.மீ., பான்ரத்துக்கு 0.38 மி.மீ. பற்றறி பூட்டுமுன் வயர் வரைபடத்தைப் பாருங்கள். 1950களின் நடுப்பகுதி வண்டிகளில் பொதுவாகப் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் சட்டத்துக்குப் போகும். முச்சக்கர வண்டி வழக்கத்தில் மாற்றிப் பூட்டினால், புதிதாகப் போட்ட எலக்ற்ரோனிக் றெகுலேற்றர் நொடியில் எரியும்.

பெற்றோல் தாங்கித் துருவுக்கு வினாகிரி போதும். முழுக்க நிரப்பி ஒரு நாள் வைத்து, ஒரு கைப்பிடியளவு நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கி, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, உடனே வெயிலில் காயவிட்டு, உள்ளே ஒயில் பூசுங்கள். ஓட்டையை ஒட்ட வெல்டிங் கொடுப்பவர்கள் எச்சரிக்கை: பல ஆண்டு வெறுமையாகக் கிடந்த தாங்கியிலும் பெற்றோல் ஆவி தங்கி வெடிக்கும்.

பெயின்ற் கடைசி வேலை. எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டி, ஓட்டிப் பார்த்தபிறகே அடியுங்கள். பவுடர் கோட்டிங் தடிப்பாக ஏறிச் சட்ட எண்ணை மூடும், பெயாரிங் இருக்கைகளை இறுக்கும், எர்த் தொடுப்பையும் துண்டிக்கும். எங்கள் எண்ணத்தில், பாதியாவது மிஞ்சியிருக்கும் அசல் பூச்சைக் கழுவி ஒயில் துணியால் துடைத்து அப்படியே வைப்பதே அழகு.

டயருக்கு அலைய வேண்டாம்; பழைய றோயல் என்ஃபீல்ட் புல்லற்றுக்கு வரும் 3.25-19 அளவு எம்20க்குப் பொருந்தும்.

முதல் ஸ்ராட்டின்போது ஒயில் தாங்கி மூடியைத் திறந்து வைத்திருங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் திரும்பும் குழாயில் ஒயில் வராவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்தி, பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள்.

இங்ஙனம்,
பழைய மோட்டார் சைக்கிள் திருத்துநர்கள் சிலர்,
பரந்தன்.