ரேயானும் மரம்தான்

ஐயா,

ஈரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ரேயான் குர்த்தியைக் கையில் எடுக்கும் பலரும் "இது பாலியஸ்டரா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திக் காட்டுவேன். பாலியஸ்டர்போல உருகி உருண்டையாகாது. காகிதம் எரிந்த வாசனை வரும். ரேயான் என்பது தைல மரம் போன்ற மரங்களின் செல்லுலோஸ், அதாவது மரத்தின் நார்ப்பொருள் ஆயிற்றே! மரத்தில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும் அதைப் பிரிக்க, மரச்சில்லுகளை நீராவியில் பதப்படுத்தி, அப்புறம் காஸ்டிக் சோடா கலந்த கரைசலில் வேகவைத்து, வெளுத்து, ரேயான் நூலுக்காக 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான கூழாக்குகிறார்கள். மிஞ்சும் கருஞ்சாற்றைக் கொதிகலனில் எரித்து ரசாயனங்களை மீட்காவிட்டால் பக்கத்து ஆறுதான் பாழாகும். எந்த ஆலையின் கூழ், அதன் கழிவு எப்படிக் கையாளப்படுகிறது என்பதைத் துணியின் லேபிளிலேயே அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

— ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு